ஏரிக்கரையில் வெள்ளைக் கோட்டு

டாக்டர் படிப்பின் கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள், நாங்கள் ஐந்து பேரும் நாங்கள் படித்த அயல்நாட்டின் ஒரு பனிமலை ஏரிக்குப் போனோம். முத்தரசு மட்டும் வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டு எடுத்து வந்திருந்தான். ரிசல்ட் வருவதற்குள் ஊரில் பஸ் ஸ்டாண்டு எதிரே அவன் அப்பா இருபதடி பிளெக்ஸ் வைக்கிறாராம்.

"ஸ்டெதஸ்கோப் தெரியணும் மாப்ள. மலை படத்துல விழாட்டியும் பரவாயில்ல."

போட்டோ எடுத்தபடியே செழியன் கேட்டான்: "வைவால உன்னை யார்ரா கேள்வி கேட்டா?"

"கண்ணாடி போட்ட அம்மாதான். ரொம்ப நல்ல மாதிரி."

அந்த அம்மா பிரசவ லீவில் போய் ஒரு மாதம் ஆகிறது. அந்த வாய்மொழித் தேர்வில் எங்கள் நாலு பேரையும் வறுத்தெடுத்தவர் ஒரு வழுக்கைத்தலைக்காரர். யோசித்தால், எழுத்துத் தேர்வன்றும் இவனை யாரும் ஹாலில் பார்த்த ஞாபகம் இல்லை.

அந்த நேரம் பார்த்து அவன் அப்பா வீடியோ காலில் வந்தார். போனை எங்களிடம் கொடுக்கச் சொன்னார்.

"தம்பிகளா, உள்ளதைச் சொல்லுங்க. இவன் நெசமாவே பரீட்சை எழுதினானா?"

செழியன் வாயைத் திறந்தான்.

"பிளெக்ஸ்ல கீழ 'வாழ்த்தும் நண்பர்கள்'னு உங்க நாலு பேர் படத்தையும் போடுறோம். அதான் கேக்குறேன்."

செழியன் தலைமுடியைக் கோதிக்கொண்டான்.

"எங்க பேருக்கு முன்னாடியும் டாக்டர்னு வருமா அங்கிள்?"