ஒரு அடி அபராதம்

"புல்லு வளர்ந்துடும்டா, சீக்கிரம் அடி!"

கூட்டத்திலிருந்து வந்த குரலுக்கு எல்லோரும் சிரித்தார்கள். ஆமை சிரிக்கவில்லை. குழிக்குக் கொஞ்ச தூரத்தில் கிடந்த பந்தைச் சுற்றி வந்தான். உட்கார்ந்தான். எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான்.

கோல்ஃப் வட்டாரத்தில் அவனுக்கு அந்தப் பெயர்தான் நிலைத்திருந்தது. இது கடைசிக் குழி. இதில் சறுக்கினால் அடுத்த வருஷப் போட்டிகளில் அவனுக்கு இடமில்லை.

நடுவர் கடிகாரத்தோடு நெருங்கினார்.

"ஏற்கெனவே எச்சரிச்சாச்சு. உங்க முறை வந்ததுமே நேரம் ஓட ஆரம்பிச்சிடும். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"அப்புறம் என்ன அதைச் சுத்திச் சுத்தி வர்றீங்க? முட்டையா போடப்போகுது?"

அடுத்து ஆட வேண்டியவர் ஆமையின் கூடப்பிறந்த அண்ணன். பல கோப்பைகள் வாங்கியவர். அவருக்கே பொறுக்கவில்லை.

"சார், என் தம்பின்னு பார்க்காதீங்க. அபராதத்தைப் போடுங்க. இவனால பின்னாடி வர்றவங்க எல்லாரும் காத்துக் கிடக்கறாங்க."

"அப்படிச் சொல்லுங்க!" என்று கூட்டம் கைதட்டியது.

நடுவர் கையை உயர்த்தினார். "நேரம் முடிஞ்சிடுச்சு. ஒரு அடி அபராதம்."

"ஒரு அடி பத்தாது சார், நாலு போடுங்க. முதுகுல!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

ஆமை அண்ணன் முகத்தை ஒரு தடவை பார்த்தான். பிறகுதான் தட்டினான். பந்து உள்ளே விழுந்தது. பிரயோஜனமில்லை. கணக்கில் கூடிய அந்த ஒரு அடி அவனை வெளியே தள்ளிவிட்டது.

அண்ணன் வந்தார், குனிந்தார், தட்டினார். பந்து நேராகக் குழிக்குள்.

"பார்த்துக் கத்துக்கப்பா," என்றார் நடுவர் ஆமையிடம்.

உடை மாற்றும் அறையில், எல்லோரும் கிளம்பும்வரை அண்ணன் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆமை கதவைச் சாத்திவிட்டு வந்து அவருடைய சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டான். அண்ணனின் கைகள் இரண்டும் மடியில் கிடந்து நடுங்கின.

"என் மேல கோவமாடா?"

"இல்லண்ணே. நீ கத்தினதும் நல்லதுக்குத்தான். யாருக்கும் சந்தேகம் வரல."

அண்ணன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ இழுத்தடிக்கிற நேரத்துலதான்டா இந்தக் கை கொஞ்சம் அடங்கும். அடுத்த வருஷம் நீ இல்லாம நான் எப்படிடா ஆடுவேன்?"