இரண்டு வெட்டு

சைபர் போட்டாள்.

பேனாவை அழுத்திய அழுத்தில் சீட்டு லேசாகக் கிழிந்தது.

பக்கத்தில் காரணம் எழுத ஒரு கோடு விட்டிருந்தார்கள். இசக்கிராஜா சாம்பிளை மாற்றி வைத்தான் என்று எழுதினாள். நான்காக மடித்து மரப்பெட்டியின் வாய்க்குள் தள்ளினாள்.

முதல் வருட மெட்டீரியல்ஸ் லேபில் இது வாரா வாரம் நடப்பது. நாலு பேர் ஒரு குழு. சோதனை முடிந்ததும் ஒவ்வொருவரும் மற்ற மூவருக்கும் ரகசியமாகப் பத்துக்கு மார்க் போட வேண்டும். யார் போட்டது என்று மேடம் சொல்லமாட்டார். காரணத்தோடு சைபர் விழுந்தால் குழுவில் இடமில்லை. அடுத்த வருடம் ஜூனியர்களோடு முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான்.

செய்யட்டும்.

முதல் நாளிலிருந்தே அவளுக்கு அவன் மேல் சந்தேகம். அவன் அதிகம் பேசமாட்டான். பேசாதவர்களை அவளுக்கு ஆகாது. அதே குழுவில் ஓயாமல் பேசுகிற மெஹ்ராஜையும் அவளுக்கு ஆகாது என்பது வேறு விஷயம்.

இரண்டு எஃகுத் துண்டுகள். இரண்டையும் உலையில் சிவக்கக் காய்ச்சினார்கள். ஒன்றைத் தண்ணீரில் முக்கினார்கள். அது இறுகிப்போகும். இன்னொன்றை உலைக்குள்ளேயே மெல்ல ஆறவிட்டார்கள். அது மெத்தென்று ஆகிவிடும்.

பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் உலையில் வைப்பதற்கு முன்பே விளிம்பில் அரத்தால் வெட்டுப் போட்டார்கள்.

ஆறவிடப்போவதற்கு ஒன்று. தண்ணீரில் முக்கப்போவதற்கு இரண்டு.

இன்று இறுக்கத்தை அளக்கும் மெஷினில் வைத்தால் எல்லாம் தலைகீழ். இரண்டு வெட்டுத் துண்டு பன்னிரண்டு காட்டியது. ஒரு வெட்டுத் துண்டு ஐம்பத்தெட்டு காட்டியது.

ஏன் என்று நீங்களே கண்டுபிடியுங்கள் என்று சொல்லிவிட்டு மேடம் அடுத்த டேபிளுக்குப் போனார்.

இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது?

நேற்று டீ இடைவேளையில் அவள் கண்ணால் பார்த்தாள். லேபில் அவன் ஒருத்தன்தான் இருந்தான். ஒரு கையில் துண்டு, இன்னொரு கையில் அரம். அவளைக் கண்டதும் அரத்தை டிராயருக்குள் தள்ளினான். கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான்.

உலையெல்லாம் முடிந்த பிறகு அரத்துக்கு என்ன வேலை?

நாளை மேடம் கேட்டால் காட்ட ஆதாரம் வேண்டுமே. துண்டுகளை வெளிச்சத்துக்கு எடுத்துப் போனாள்.

முதலில் இரண்டு வெட்டுத் துண்டு.

வெட்டுகள் பளபளவென்று இருந்தன. உலைக்குள் போய் வந்த வெட்டு கறுத்திருக்கும். இது புதுசு.

மாட்டிக்கொண்டான்.

அடுத்தது ஒரு வெட்டுத் துண்டு. வெட்டின் உள்ளே கறுப்பு ஏறியிருந்தது. இது பழைய வெட்டுத்தான்.

அதன் பக்கத்தில் மயிரிழை கனத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. நகத்தால் வருடிப் பார்த்தாள். நகம் தட்டியது.

இங்கே இன்னொரு வெட்டு இருந்திருக்கிறது. யாரோ தேய்த்திருக்கிறார்கள்.

யாரோ என்ன, அவளேதான்.

நேற்றுக் காலை துண்டுகளுக்குப் பாலிஷ் போட்டது அவள்தான். அடுத்தவர் கை பட்டால் கெட்டுவிடும் என்று ஒருவரையும் தொடவிடவில்லை. முதலில் முரட்டு உப்புத்தாளில் விளிம்பை மழுக்கினாள். பிறகு நம்பர் ஏற ஏற நைசான தாள். முகம் தெரியும்வரை விடவில்லை. மேடம் மற்ற குழுக்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அந்த வேகத்தில் இறுகிய துண்டில் இரண்டில் ஒரு வெட்டுப் போயிருக்கிறது. மெத்தென்று ஆனதில் இருந்த ஒரே வெட்டும் போயிருக்கிறது.

வெட்டே இல்லாத துண்டைப் பார்த்தவன் என்ன நினைப்பான்? ஒரு வெட்டுள்ளது பக்கத்தில் இருக்கிறது, அப்படியானால் இதுதான் இரண்டு. அரத்தை எடுத்துப் போட்டிருக்கிறான்.

வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

இந்தக் கறுப்புக் கோட்டை வேறு யாரும் பார்க்கவில்லை.

நானூறாம் நம்பர் உப்புத்தாளை எடுத்தாள். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு விளிம்பைத் தேய்த்தாள்.

"பாத்துங்க."

பின்னால் இசக்கிராஜா நின்றான். சிரித்துக்கொண்டிருந்தான்.

"நேத்து இன்னொண்ணுல வெட்டே அழிஞ்சிருந்துச்சு. நான்தான் திரும்பப் போட்டேன். மேடம் உங்க பாலிஷை எல்லாருக்கும் காட்டினாங்கல்ல, அதான் யார்ட்டயும் சொல்லல."

தெரிந்துதான் பேசுகிறானா? அவன் முகத்தைத் துருவிப் பார்த்தாள். சிரிப்பைத் தவிர அங்கே எதுவும் இல்லை. அவளால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

மேடம் பெட்டியைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு வாரமும் கேட்பதுபோல இந்த வாரமும் கேட்டார், எழுதியதை யாராவது மாற்ற வேண்டுமா என்று. மாற்றலாம். ஆனால் ஏன் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும்.

இசக்கிராஜா இல்லை என்று தலையாட்டினான். மற்ற இருவரும் ஆட்டினார்கள்.

மேடம் அவளைப் பார்த்தார்.

"இல்ல மேடம்."

பெட்டி கதவைத் தாண்டிப் போனது.

அவள் அறுநூறாம் நம்பர் தாளை எடுத்தாள்.