அரைக் கட்டை

திருத்தங்கல் சர்ச் பாடகர் குழுவுக்குக் கணினியில் இசைக்குறிப்பு எழுதித் தருபவர் ஞானமுத்து. எழுத்துகளைத் தட்டினால் அவர் பயன்படுத்தும் மென்பொருள் ஸ்வரங்களாக மாற்றிவிடும்.

"மவுஸால இழுத்து வச்சா சுளுவா முடிஞ்சிருமே மாமா" என்றாள் மருமகள் ஸ்வீட்டி.

"கை நடுங்குதும்மா. இழுத்தா ஸ்வரம் அடுத்த கோட்டுல போயி உக்காந்துக்கிடுது."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. இதுல ஒரு சொல்லை மாத்துனா முழுப் பாட்டும் அரைக் கட்டை இறங்கிரும். உங்க அத்தைக்குக் குரல் இப்ப மேல எட்டல. வருசா வருசம் இறக்குதேன். கொமரிக் குரல் அப்படியே இருக்குன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. சொல்லிராத."

காப்பியோடு வந்த இசபெல் டம்ளரைக் கணவர் முன் வைத்தார்.

"இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு கட்டையா இறக்கிருங்க. போன வருசமே அரை பத்தல" என்றார்.