அக்கரையில் ஒரு வில்லாளி

"பொணம் எங்க கிடக்குன்னு ரந்தாவே கண்டுபிடிக்கணும். நாம வாயைத் தொறந்து சொல்லக் கூடாது" என்றான் நிஸார். மாடிப்படி ஏறிக்கொண்டே தௌஃபீக் தலையாட்டினான்.

பிணம் என்றதும் பதற வேண்டாம், விளையாட்டில்தான். வெள்ளிக்கிழமை சாயந்திரமானால் கடலோர நகரமான திரிபோலியில் ரந்தாவின் வீட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். பூதமும் கோட்டையும் உள்ள ஒரு நாட்டின் கதையை நிஸார் சொல்லிக்கொண்டு போவான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி, அதற்குள் புகுந்து துப்புத் துலக்குவார்கள்.

அந்தக் கதையில் வில்லாளியாக ஆடியவன் ரந்தாவின் தம்பி பாஸில். அவனும் நிஸாரும் சின்ன வயதிலிருந்தே ஒட்டிப் பிறந்த மாதிரி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சைப்ரஸுக்கு என்று திருட்டுப் படகேறினான் பாஸில், அதோடு சரி.

போன வாரம் நிஸாருக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு போன். அதே படகில் போய்த் தப்பித்தவனாம். பாஸில் மூழ்கியதைக் கண்ணால் பார்த்தேன், இத்தனை நாள் சொல்ல தைரியம் வரவில்லை என்று அழுதான்.

"அவனுக்கு என் நம்பர் எப்படிக் கிடைச்சுதுன்னே தெரியலடா."

"இந்த ஊர்ல யார் நம்பர்தான் யாருக்குக் கிடைக்கல? அத விடு. பேசாம அவகிட்ட நேராச் சொல்லிடலாமே?"

"எங்க, நீ சொல்லு பாப்போம்."

தௌஃபீக் விறுவிறுவென்று மேலே ஏறினான்.

நிஸாரின் திட்டம் இதுதான். கதையில் வில்லாளியைக் காணவில்லை; தேடிப் போகிறவர்களுக்கு மூன்று தடயங்கள். ஆடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்காமல் விடுவார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவதாவது மண்டையில் ஏறும். மூன்றுமே ஏரியைத்தான் காட்டின. வில்லாளிக்காக அவள் அழுதுவிட்டால், தம்பியைப் பற்றிச் சொல்ல ஒரு வழி பிறக்கும் என்று நம்பினான்.

உட்கார்ந்ததுமே கரண்ட் போனது. ரந்தா பவர் பேங்கை எடுத்து வந்து சின்ன விளக்கைச் சொருகினாள். தம்பி கூப்பிடுகிற நேரம் பார்த்து போனில் சார்ஜ் இல்லாமல் போய்விடக் கூடாது என்று யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த பவர் பேங்க். வெளிச்சம் வந்ததே போதும் என்று ஆட்டத்தில் இறங்கினார்கள்.

"ஏரிக்கரையில ஒரு ஜோடி பூட்ஸ் கிடக்கு. உள்ள முழுக்க மண்ணு" என்று ஆரம்பித்தான் நிஸார்.

"கழட்டி வெச்சுட்டு நீந்தியிருக்கான்" என்றாள் ரந்தா. "மூழ்கப் போறவன் பூட்ஸைக் கழட்டி வெப்பானா?"

"அவனோட நாய் கரையை விட்டு நகர மாட்டேங்குது. தண்ணியையே பாத்துக்கிட்டு நிக்குது."

"தண்ணியை இல்ல, அக்கரையைப் பாக்குது. அவன் வருவான்னு அதுக்குத் தெரியும்."

நிஸார் மேசைக்கடியில் தௌஃபீக்கின் காலை மிதித்தான். தௌஃபீக் தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஏன் ரந்தா, ஒருவேளை... மூழ்கிட்டானோ?"

"நீ சும்மா இரு ஹபீபி. போன ஆட்டத்துல சூப்புல விஷம் வெச்ச மந்திரியையே நல்லவன்னு சொன்ன ஆளு நீ."

"அந்த மந்திரியை ஒரே நிமிஷத்துல புடிச்ச மூளையா இப்ப இப்படிப் பேசுது?" என்றான் தௌஃபீக்.

நிஸார் கடைசித் தடயத்தையும் எடுத்து வைத்தான். "அக்கரைக் காவல்காரன் விடிய விடிய விளக்கு ஏத்தி வெச்சிருந்தானாம். யாருமே கரையேறலையாம்."

ரந்தா சிரித்தாள். "காவல்காரன் விளக்கு வெச்ச எடத்துல போய் எவனாவது ஏறுவானா? இருட்டுப் பக்கமா ஏறி ஓடியிருப்பான். என் தம்பி என்ன அவ்வளவு மக்குப் பயலா?"

வில்லாளி என்று சொல்லவில்லை அவள்.

அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. ஆடுகிறவர்கள் சொல்லும் விடை தன்னுடையதைவிட நன்றாக இருந்தால், சத்தமில்லாமல் தன்னுடையதை மாற்றிவிட்டு, அதேதான் என்பான். இப்படிக் கதை நடத்துகிற எல்லாரும் செய்கிற திருட்டுத்தனம்தான். இன்றைக்குச் செய்வதில்லை என்று முடிவெடுத்துத்தான் வந்திருந்தான்.

"உருட்டு" என்றான். அவள் பகடையை உருட்டினாள். என்ன விழுந்தது என்று அவன் பார்க்கவே இல்லை.

"அக்கரையில ஒரு குடிசை. புகை வருது. நீ கதவைத் தட்டுற. வில்லாளி வெறுங்காலோட வந்து தொறக்கறான்."

"என்ன சொல்றான்?"

"'வர இவ்வளவு நேரமா?'ங்கறான்."

பாஸில் எப்போதும் சொல்வது அது. ரந்தா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். தௌஃபீக் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

நிஸாருக்குத் தாங்கவில்லை. இப்படியொரு பொய்யை அவளிடம் சொல்லிவிட்டோமே என்று கூசிப்போனான். "என்னை மன்னிச்சிடு ரந்தா. நான் வெச்சிருந்த முடிவு இது இல்ல..."

"தெரியும். மூணும் ஏரியைத்தான் காட்டுச்சு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்த ஒரு எடத்துலயாவது அவன் கரையேறட்டுமேன்னுதான்."

"அப்போ... உனக்கு?"

ரந்தா அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"உன்கிட்ட என் வாயால சொல்ல முடியல நிஸார். அந்த ஆளுக்கு உன் நம்பரைக் குடுத்ததே நான்தான்."