போதகர் மாப்பிள்ளை

பெண் கேட்டு முல்லைத்தீவிலிருந்து வந்திருந்த யோசுவாவை அப்பா குடைந்துகொண்டிருந்தார். குசினிக்குள் அடுப்படியில் நின்ற மகள் சுசிலா காதைத் தீட்டிக்கொண்டாள்.

"போதகர் படிப்பு எத்தனை வருசம் படிச்சனீர், தம்பி?"

"பெங்களூரிலை நாலு வருசம், ஐயா."

"செலவு?"

"எங்கட அப்பு வயலை வித்துப் படிப்பிச்சவர்."

"இப்ப சம்பளம்?"

"மாசம் நூற்றிப்பத்து ரூபா."

"வயலிலை அதைவிடக் கூட வந்திருக்குமே! இதை நம்பிப் பிள்ளையைத் தரலாமோ?"

யோசுவா தலைகுனிந்தான். சுசிலாவுக்குக் கண் கலங்கியது.

"காணும், விடுங்கோ. பொடியன் அழப்போறான்," என்று அம்மா தேத்தண்ணியோடு வந்தா.

அப்பா சிரித்தபடி எழுந்து, ஆராதனைக்கு நேரமாகிவிட்டதென்று தன் வெள்ளைப் போதகர் அங்கியை மாட்டினார்.

"பயப்பிடாதையும் தம்பி, பிள்ளை உமக்குத்தான். நான் பொம்பிளை கேட்டுப் போன அண்டைக்கு என்ர மாமா கேட்ட கேள்வியள் இதுகள். திருப்பிக் கேட்க ஒருத்தர் வரட்டுமெண்டு இருபத்தஞ்சு வருசம் காத்திருந்தனான்!"