இரண்டு துளை

"துடிப்பு நூத்தி நாற்பத்தெட்டு! உட்காரணும்மா." கைக்கடிகாரத்தைக் காட்டியபடியே அவர் பெஞ்சில் சரிந்தார்.

"மறுபடியுமா?" மனைவி இடுப்பில் கை வைத்தாள். "அறுத்துத் தைச்சது என் நெஞ்சை. மூச்சு வாங்கறது உங்களுக்கா?"

கூடத்தில் நடந்துகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். இதய அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கான நடைப்பயிற்சிக் கூடம் அது. துணைக்கு வந்த இவர்தான் சுற்றுக்கு ஒரு முறை உட்கார்ந்தார். தனியே விட மனமில்லாமல் அவளும் முணுமுணுத்துக்கொண்டே பக்கத்தில் உட்காருவாள்.

"மீட்டர் பொய் சொல்லாதும்மா."

வீடு வீடாகப் போய் மீட்டரைச் சோதித்து, மின்திருட்டைப் பிடித்தே ஓய்வு பெற்றவர் அவர்.

பயிற்சி தரும் பெண் வந்தாள். "சார், உங்களுக்கும் ஒரு தடவை பார்த்துடலாம்."

நெஞ்சில் ஒரு பட்டையைக் கட்டி, ஒரு சுற்று நடக்கவைத்தாள். கடிகாரம் நூற்று ஐம்பது என்றது. நெஞ்சுப் பட்டை தொண்ணூறு என்றது.

"கடிகாரம் வளையல் மாதிரி ஆடுது சார். அப்படி ஆடினா, கை வீசறதையும் இதயத் துடிப்புன்னு எண்ணிடும்." இறுக்கிக் கட்டிவிட்டாள். "இனிமே சரியாக் காட்டும்."

"சாயம் வெளுத்துப்போச்சா?" மனைவி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "எழுந்து நடங்க, சோம்பேறி!"

நடந்தார்கள். இரண்டாவது சுற்றில் அவள் பேச்சு நின்றது. உதடு உலர்ந்தது.

"கொஞ்சம் உட்காரேன்."

"எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். தொண்ணூற்றிரண்டு. தட்டிப் பார்த்தார். அதே தொண்ணூற்றிரண்டு. அவள் முகத்தையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

அவள் சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கையைக் கொடுங்க."

கொடுத்தார். கடிகாரப் பட்டையை இரண்டு துளை தளர்த்திக் கட்டினாள்.

"ஊரார் திருட்டையெல்லாம் பிடிச்ச மனுஷன்," குரலைத் தாழ்த்தினாள். "தினமும் படியிறங்கறப்போ இதைத் தளர்த்தறீங்களே, பொண்டாட்டி பார்க்க மாட்டான்னு நினைச்சீங்களா? ம், கையை நல்லா வீசுங்க. எவ்வளவு காட்டுது?"

அவர் வீசினார். "நூத்தி... நூத்தி நாற்பது."

"அடப் பாவமே, உங்களுக்கு முடியலை!" என்று உரக்கச் சொல்லிவிட்டு, அவருக்கு முந்திப் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள்.