பூச்சி விட்டுவைத்த பெயர்

"வம்சாவளி எழுதணும்னு அம்மாவோட பூர்வீகம் தேடி வந்தா, தாய்ங்கிற கட்டத்தையே பூச்சி அரிச்சிருக்கே!" தன் ஞானஸ்நானப் பதிவைப் பார்த்து அலுத்துக்கொண்டான் அவன்.

"பூச்சிக்கென்ன தெரியும், சார்? ஞானஸ்நானத்துல பிள்ளையை ஏந்தி நின்ன ஞானத்தாய் பேரை விட்டுவச்சிருக்கு. ஆனா யாரோ கோடு போட்டு அடிச்சிருக்காங்க," என்றார் மாதா கோயில் குமாஸ்தா.

"அது எங்கக்கா பேரு. கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம்னு என்னை வளர்த்தவ. போன வாரம்தான் அடக்கம் பண்ணோம். 'பிள்ளை இல்லை'ன்னு உங்க அடக்கச் சீட்டுல நான்தானே கையெழுத்துப் போட்டேன்? அவ பேரை எதுக்கு அடிக்கணும்?"

குமாஸ்தா ஓரக்குறிப்பை வாசித்தார். சட்டென்று பதிவேட்டை மூடப் போனார்.

அவன் விடவில்லை. பிடுங்கிப் பார்த்தான். அந்தக் காலத்துப் பாதிரியாரின் பொடி எழுத்து:

'பெற்றவளே ஞானத்தாயாக நிற்கக் கூடாது.'